அத்தாவின் வலது கால்

எங்கள் வீட்டு வாசலில் குதிரை நின்ற இடத்தில் ஒரு புதன்கிழமை ஆட்டோ வந்து நின்றது. அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஓடிவந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஹாரனின் ரப்பர் உருண்டையை ஆளுக்கு ஒரு தடவை அமுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம், இனிமேல் உங்களுக்கு நல்ல காலம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மட்டும் கிட்டே போகவில்லை. அந்த வண்டியை அத்தாவால் நிறுத்த முடியாது என்பது அந்தத் தெருவில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அத்தா, இன்னொருவன் நான்.

எங்கள் பக்கம் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். மதுரையில் நெல்பேட்டைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அத்தா குதிரை வண்டி ஓட்டியவர். நீங்கள் குதிரை வண்டியைக் கண்காட்சியிலோ கல்யாண ஊர்வலத்திலோ பார்த்திருப்பீர்கள். அப்போது அது ஊருக்குள் ஓடிய வாகனம். ரயிலடியில் வரிசையாக நிற்கும். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் பெட்டியோடு அதில்தான் ஏறி வீடு போவார்கள். பிறகு ஆட்டோ வந்தது. அதே ஆட்கள் குதிரைகளைத் தாண்டிப் போய் ஆட்டோவில் ஏறினார்கள். சவாரி குறைந்ததும் வண்டிகள் குறைந்தன. வண்டிகள் குறைந்ததும் திருவாதவூரிலிருந்து புல்லுக்கட்டு கொண்டுவந்த அம்மாள் வருவதை நிறுத்திக்கொண்டார். லாடம் அடிக்கிறவர் வேறு ஊர் பார்த்துப் போனார். ஒரு குதிரைக்கு லாடம் தேய்ந்தால், ஊரெல்லாம் ஆள் தேட வேண்டியிருந்தது.

அத்தாவுக்குக் கடைசியாக மிஞ்சியது பள்ளிக்கூடச் சவாரி. எங்கள் பகுதியிலிருந்து என்னோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். குதிரைக்கு அந்த எட்டு வீடுகளும் தெரியும். அத்தா சொல்லாமலே ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், பிள்ளை ஏறியதும் தானாக நடக்கும். தையல்கடைக்காரர் மகள் தினமும் தாமதமாக வருவாள் என்பதுகூட அதற்குத் தெரியும். அவள் வீட்டு வாசலில் மட்டும் ஒரு காலை மடக்கி ஓய்வாக நிற்கும்.

அந்தப் பெண்ணின் அம்மாதான் முதலில் கேட்டார். மழையில் பிள்ளைகள் நனைகிறார்கள், தார்ரோட்டில் குதிரை வழுக்குகிறது, நீங்களே ஒரு ஆட்டோ வைத்தால் வேறு ஆளைத் தேட வேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அத்தா ஆட்டோ வைக்காவிட்டால் வேறு ஆளைத் தேடுவார்கள் என்பதும் அதற்குள் இருந்தது. எட்டு வீடும் போய்விட்டால் எங்களுக்கு அடுப்பு எரியாது. அது எனக்கே தெரிந்திருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமு, ஏற்கெனவே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் அத்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வண்டியில் பழக்கிக் கொடுத்தார். விளாங்குடிப் பக்கம் அப்போது வீடுகள் அதிகம் கிடையாது. பெரிய பொட்டல் ஒன்று இருந்தது. நானும் கூடப் போவேன். அத்தா முன்னால் உட்கார்ந்து ஓட்ட, மாமு பின்சீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஜமீன்தார் மாதிரி உத்தரவு போடுவார்.

"மச்சான், பின்னால சாயாதீங்க. அது என்ன குதிரையா, இழுத்துப் புடிக்க?" என்பார்.

"சரி மாப்ள" என்பார் அத்தா. அடுத்த வளைவில் மறுபடியும் சாய்வார்.

இதை நீங்கள் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். குதிரையை நிறுத்த வேண்டுமானால் வண்டிக்காரர் கடிவாள வாரைத் தன் நெஞ்சுப் பக்கம் இழுக்க வேண்டும். கொஞ்சம் இழுத்தால் மெதுவாகும், சாய்ந்து இழுத்தால் நிற்கும். அத்தா சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நிறுத்தினார். ஆட்டோவில் பிரேக் கையில் இல்லை. வலது காலுக்கடியில் இருக்கிறது. வலது கையில் இருப்பது வேகத்தைக் கூட்டுகிற கைப்பிடி. அதைத் தன் பக்கம் இழுத்துத் திருகினால் வண்டி இன்னும் வேகமாகப் பாயும். ஆக, குதிரையை நிறுத்துகிற அதே இழுப்புதான் ஆட்டோவை ஓடவைக்கிற இழுப்பு.

அத்தாவுக்கு இது தெரியாமல் இல்லை. நிதானமாக இருக்கும்போது காலைத்தான் மிதிப்பார். லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் எட்டு போட்டுக் காட்டச் சொன்னார்கள். அழகாகப் போட்டார். எட்டு போடும்போது யாரும் குறுக்கே வருவதில்லை.

வீட்டுக்கு ஆட்டோ வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமு டீ குடிக்க இறங்கிப் போயிருந்தார். ஆட்டோவில் அத்தாவும் நானும் மட்டும். நான் டிரைவர் சீட்டின் வலது ஓரத்தில், அத்தாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கருவேலம் புதருக்குப் பின்னாலிருந்து ஆடுகள் வந்தன. முதலில் ஒன்று, அதன் பின்னால் ஒரு மந்தை. அத்தா "ஹோ… ஹோ" என்றார். அது குதிரையிடம் சொல்கிற சொல். சொல்லிக்கொண்டே பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் இழுத்தார். ஆட்டோ ஒரு கத்துக் கத்திக்கொண்டு பாய்ந்தது. ஆடுகள் சிதறின. எப்படியோ ஒன்றின்மேலும் ஏறவில்லை. எதிரில் யாரோ வயலுக்காகக் கொட்டிவைத்திருந்த எருக்குவியலில் போய் மூக்கைச் செருகி நின்றது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி முழுக்கச் சாணி. ஆடு மேய்த்தவர் தூரத்திலிருந்து கையை ஆட்டி ஏசினார். அத்தா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். பிறகு கைலியின் ஓரத்தால் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கும்போதுதான் சொன்னார்.

"இதுக்குப் பயம் கிடையாதுடா. நான் கண் அசந்தாக்கூட நம்ம குதிரை ஒரு கோழிக்குஞ்சு மேல ஏறாது. அதுக்கும் பயம் இருக்குல்ல? பாதிப் பயத்த அது பாத்துக்கும். இது அப்படி இல்ல. அம்புட்டுப் பயத்தையும் ஓட்டுறவன்தான் படணும்."

மாமு திரும்பி வந்து வண்டியின் மூக்கில் இருந்த சாணியைப் பார்த்தார். என்ன மச்சான், வண்டிக்கு மருதாணி வச்சு விட்டிருக்கீங்க என்று கேட்டுச் சிரித்தார். அத்தாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில், உங்கம்மாட்ட சொல்ல வேண்டாம் என்று என் காதருகே சொன்னார். நான் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் வந்து குதிரையைக் கொண்டுபோனார். தேங்காய் ஏற்றுகிற வண்டிக்காம். அவர் கயிற்றை அவிழ்த்தார். அத்தாவுக்கு இன்னும் நிறுத்தத் தெரியாது, குதிரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அம்மா பக்கத்தில் நின்றார். அத்தாவிடம் தலையாட்டிவிட்டேனே. சொல்லவில்லை. குதிரை சந்து முனையில் திரும்பியதும், இனி ஆட்டோ ஒன்றுதான் என்று ஆகிப்போனது.

புதன்கிழமை வந்த ஆட்டோ, மாமுவுக்குத் தெரிந்த ஒருவருடையது. வாடகை வண்டி. ஒரு தடவை எங்காவது இடித்தாலும் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலம், தெருப் பிள்ளைகள் போன பிறகு, அத்தா என்னை ஆட்டோவில் ஏற்றி வலது ஓரத்தில் உட்காரவைத்தார். பிரேக் மிதியின்மேல் தன் வலது காலை வைத்தார். என் இடது காலை எடுத்துத் தன் கால்மேல் வைத்தார்.

"குறுக்க ஏதாச்சும் வந்துச்சுன்னா நீ மிதி. நான் கையத் தூக்கிருவேன். நாளு போகப் போகச் சரியாப் போயிரும்" என்றார்.

அப்படித்தான் வியாழக்கிழமையிலிருந்து நான் ஆட்டோவின் பிரேக் ஆனேன்.

முதல் நாள் காலை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிள்ளைகள் புதுத்துணி போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஏறினார்கள். அம்மாமார் வாசலில் நின்று சிரித்தார்கள். நான் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. தள்ளுவண்டி வந்தால் மிதித்தேன். சைக்கிள் வந்தால் மிதித்தேன். ஓரமாகப் போன நாயைப் பார்த்தும் மிதித்தேன். பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூச்சல் போட்டார்கள். தையல்கடைக்காரர் மகள், குதிரையே தேவலை, இப்படிக் குலுக்காது என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்கு என்ன தெரியும்? அவள் உயிர் என் உள்ளங்காலில் இருந்தது.

எங்களை இறக்கிவிட்ட பிறகு அத்தா பகலில் சவாரி எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். மற்ற ஆட்டோக்காரர்கள் கேட்டால் எஞ்சின் சூடாகிவிட்டது என்பார். ஒரு நாள் முழுக்கச் சூடாக இருக்கிற எஞ்சினை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அவருடைய கால் நான்காம் வகுப்பில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது என்று அவர் எப்படிச் சொல்லுவார்? நான் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்ப்பேன். ஆட்டோ மரத்தடியில் இருந்தால் மூச்சு வரும். வாத்தியார் இரண்டு தடவை என்னைப் பெஞ்சுமேல் ஏற்றினார். பெஞ்சுமேல் நின்றால் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

இரண்டு வாரம் இப்படிப் போனது. சில சமயம் நான் மிதிக்கப் போகும்போது அத்தாவின் கால் முன்பே கீழே இறங்கியிருக்கும். என் கால்தான் அழுத்தியது என்று நினைத்துக்கொள்வேன். எனக்குக் கனவிலும் ஆடுகள் குறுக்கே வந்தன. தூக்கத்தில் காலை உதைப்பதாக அம்மா சொன்னார். பூச்சித் தொந்தரவாக இருக்கும் என்று வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்.

மூன்றாவது வாரம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிவிட்டன. அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, தாடையைச் சுற்றித் துணி கட்டினார். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் வாசல்படி தாண்டக் கூடாது என்றார். நான் பள்ளிக்கூடம் போகிறேன் என்று அழுதேன். பள்ளிக்கூடத்துக்காக நான் அழுவதை அம்மா அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். ஆச்சரியப்பட்டாரே ஒழிய விடவில்லை.

அத்தாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்குப் போக வேண்டாம் அத்தா என்று என்னால் முடிந்தவரை வாயைத் திறந்து சொன்னேன்.

"எட்டு வீட்டுலயும் பிள்ளைங்க கெளம்பி நிக்கும். போகாம எப்படி?" என்றார். பிறகு குனிந்து, "பாத்துப் போறேன்" என்றார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். உடனே கிளப்பவில்லை. வலது காலை நாலைந்து தடவை மிதித்து மிதித்துப் பார்த்தார். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்மி சொல்லிவிட்டு, கீழே இருந்த கம்பியை இழுத்து எஞ்சினைக் கிளப்பினார். நான் உட்காரும் இடம் காலியாக, ஆட்டோ அந்தச் சந்தைத் தாண்டிப் போனது.

அவர் காலைப் பார்த்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அத்தாவுக்கே நம்பிக்கை இல்லையே என்று தோன்றியது. அம்மா எனக்குக் கஞ்சி ஆற்றுவதற்காக அடுப்படிக்குப் போனார். நான் எழுந்து ஓடினேன்.

ஆட்டோ எட்டு வீட்டில் நின்று நின்றுதான் வரும். சந்து வழியாக ஓடினால் அதற்கு முன்னால் ஆற்றுப் பாலத்தடிக்குப் போய்விடலாம். பாலம் ஏறுவதற்கு முன்னால் அவரை நிறுத்தி என் இடத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். கன்னத்தில் கட்டோடும் கழுத்தில் சங்கிலியோடும் வெறுங்காலோடும் ஒரு பையன் ஓடுவதைப் பார்த்து மீன்காரர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கன்னம் தெறித்தது. எங்கேயாவது கூட்டம் கூடியிருக்கிறதா, யாராவது கத்துகிறார்களா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன்.

பாலத்தடியில் பூ விற்கிற அம்மாள் ஒருவர் குடை விரித்து உட்கார்ந்திருப்பார். நான் அவரைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது எங்கள் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. அத்தா நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் பிள்ளைகளின் தலைகள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் வேறெதையும் யோசிக்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, நிறுத்துங்க அத்தா என்று கத்தியபடி ரோட்டின் நடுவில் போய் நின்றேன். வாய் திறக்காததால் சத்தம் வரவில்லை.

அத்தா என்னைப் பார்த்தார். அவர் உடம்பு பின்னால் சாய்ந்தது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு வந்தன. ஆட்டோ விளாங்குடியில் கத்திய அதே கத்தலைக் கத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது முன்சக்கரம் என் காலிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. எஞ்சின் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அத்தாவின் கைகள் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் வலது கால் மிதியைத் தரையோடு தரையாக அமுக்கியிருந்தது. இந்தத் தடவை இடது கை கிளட்சையும் சேர்த்துப் பிடித்திருந்ததால் அத்தனை வேகமும் சத்தத்தோடு போய்விட்டது. கைகள் குதிரையை நிறுத்தின. கால் ஆட்டோவை நிறுத்தியது.

பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். தையல்கடைக்காரர் மகள், "உங்க மகனுக்கு வெறிநாய் கடிச்சிருச்சா மாமா?" என்று கேட்டாள். பூக்கார அம்மாள் ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தார். அத்தா எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகும் கைப்பிடியை விடவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. நான் போய் என் இடத்தில் ஏறப் பார்த்தேன். கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

என்னைப் பூக்கார அம்மாளிடம் உட்காரவைத்துவிட்டுப் பாலத்தில் ஏறிப்போனார். பாதசாரிகள் தாண்டிப் போகிற அளவுக்கு மெதுவாகப் போனது ஆட்டோ. கொஞ்ச நேரம் கழித்து நடந்தே திரும்பி வந்தார். ஆட்டோவைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டிருந்தார். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரைக்கும் நடந்தார். அவர் தோள் நனைந்திருந்தது. பாலத்து வெயிலில் வந்த வியர்வை என்று நினைத்தேன்.

"நான் இல்லாம ஓட்ட முடியலையா அத்தா?" என்று கேட்டேன்.

"முடியல" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கன்னம் வற்றியதும் குளித்து, எண்ணெய் தடவி, முன்னால் ஏறப் போனேன். அத்தா என் கையைப் பிடித்துப் பின்சீட்டுக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளை நெருங்கி உட்காரச் சொல்லி நடுவில் எனக்கு இடம் செய்தார். இனிமேல் இங்கேதான் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னை மட்டுமல்ல, எந்தப் பிள்ளையையும் அவர் முன்னால் உட்காரவிட்டதில்லை.

அன்றிலிருந்து பகலிலும் சவாரி எடுத்தார். ஒரு கீறல் இல்லாமல் வாடகை வண்டியை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொந்த ஆட்டோ வாங்கி நெடுங்காலம் ஓட்டினார். நான் மட்டும் பின்சீட்டில் இருந்தபடி அவர் பிரேக் போடுவதை ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்றாவது தவறும், என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். தவறவே இல்லை. ரோட்டில் ஓடிவந்ததற்காக என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். அவர்மேல் எனக்கு இருந்த அந்தக் கோபம் வெகுநாள் போகவில்லை.

அந்த மூன்று வாரமும் பயந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். என்னை நினைத்து இன்னொருவர் பயந்திருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.